தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை யார் கணக்கில்?

அடுக்குமாடி வீடுகளுக்கு நகர மன்றம் இருந்தது. விடுதிகளில் வாழ்ந்த மூன்று லட்சம் வெளிநாட்டு ஊழியர்களுக்கு யார் இருந்தார்கள்? கொவிட்-19 சிங்கப்பூரில் எழுப்பிய அந்தக் கேள்வி, அடுத்த கொள்ளைநோய்க்கு முன் விடை காணப்பட வேண்டியது.

2020ஆம் ஆண்டின் தைப்பூசம் பிப்ரவரி 8, சனிக்கிழமை வந்தது. முதல் நாள் மாலைதான் சிங்கப்பூர் அரசு நோய்ப் பரவல் எச்சரிக்கை நிலையை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு உயர்த்தியிருந்தது. சில மணி நேரத்துக்குள் பேரங்காடிகளில் அரிசி மூட்டைகளும் மீ பொட்டலங்களும் கழிப்பறைத் தாள் கட்டுகளும் காலியாகத் தொடங்கின. அதே இரவு, சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடங்களும் காவடிகளும் டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை நோக்கிப் புறப்பட்டன. சனிக்கிழமை அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தொலைக்காட்சியில் தோன்றி, பதற வேண்டாம், தேவையான பொருள்கள் இருக்கின்றன என்று மக்களுக்கு எடுத்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வெளியான தொற்றுப் பட்டியலில் பங்களாதேஷைச் சேர்ந்த ஒரு கட்டுமான ஊழியர் இடம்பெற்றார். அதுவரை அந்தப் பட்டியலில் வெளிநாட்டுக் கட்டுமான ஊழியர் எவரும் இருந்ததில்லை. அவர் தங்கியிருந்தது காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு விடுதி. மருத்துவமனைக்குப் போகுமுன் அவர் சென்று வந்த இடங்களில் ஒன்று, லிட்டில் இந்தியாவின் முஸ்தபா சென்டர் பேரங்காடி.

அடுத்த இரண்டு மாதங்களில் நடக்கப்போவதற்கான எல்லா முகவரிகளும் அந்த ஒரு செய்தியிலேயே இருந்தன. ஆனால் அந்த விடுதியையும், அந்தக் கடைத்தெருவையும், அவற்றுக்கு இடையே ஓடும் பேருந்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு எந்த உள்ளாட்சி அமைப்புக்கும் இல்லை.

மாநகராட்சி இல்லாத மாநகரம்

சிங்கப்பூருக்கு ஒரு காலத்தில் மாநகராட்சி இருந்தது. பிரிட்டிஷார் காலத்து முனிசிபல் ஆணையம்தான் சாலை போட்டது, சாக்கடை வெட்டியது, குப்பை அள்ளியது. அதன் துப்புரவுப் பணியிலும் சாலைப் பணியிலும் கணிசமாக உழைத்தவர்கள் தமிழர்கள். 1951இல் மாநகரத் தகுதி கிடைத்தது. 1957 தேர்தலுக்குப் பிறகு ஓங் எங் குவான் மேயரானார். 1959இல் மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்ததும் மாநகர மன்றம் கலைக்கப்பட்டு, அதன் வேலைகள் அமைச்சுகளுக்கும் வாரியங்களுக்கும் பிரித்துத் தரப்பட்டன. நகரமே நாடாக இருக்கும்போது இரண்டு அரசாங்கம் எதற்கு என்பதே அன்றைய வாதம்.

உள்ளாட்சி வேறு உருவில் திரும்பி வர ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின. 1986இல் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி, 1988இல் சட்டமாகி, நகர மன்றங்கள் வந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்களே அவற்றை நடத்துகிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் மின்தூக்கி, நடைபாதை, கீழ்த்தளம், விளையாட்டுத் திடல், துப்புரவு ஆகியவை அவர்கள் பொறுப்பு. அதற்கு ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் சேவை, பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறது. லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையமும், அதை ஒட்டி பஃப்ளோ சாலையில் நிற்கும் அடுக்குமாடிக் கட்டடங்களும் ஜாலான் புசார் நகர மன்றத்தின் வட்டாரம்.

ஆக, சிங்கப்பூர் நகர மன்றத்தின் கணக்கில் வருபவர் என்றால் வீவக வீட்டில் குடியிருப்பவர், கட்டணம் செலுத்துபவர், பெரும்பாலும் வாக்காளர். இந்த மூன்றும் இல்லாதவர் அதன் பேரேட்டில் இல்லை.

வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை

பேரேட்டில் இருந்தவர்களுக்கு உதவி வந்த வேகத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 2020 பிப்ரவரி முதல் தேதியே வீட்டுக்கு 4 முகக்கவசம் வீதம் வழங்கும் பணி தொடங்கியது. 13 லட்சம் குடும்பங்களுக்கு 52 லட்சம் கவசங்கள். ராணுவ வீரர்கள் பொட்டலம் கட்ட, சமூக மன்றங்களிலும் வசிப்போர் குழு நிலையங்களிலும் தொண்டூழியர்கள் விநியோகித்தார்கள். புளோக்குகளில் மின்தூக்கிப் பொத்தான்களும் கைப்பிடிகளும் அடிக்கடி துடைக்கப்பட்டன. ஏப்ரல் 7ஆம் தேதி ‘சர்க்கிட் பிரேக்கர்’ எனப்பட்ட நோய் முறியடிப்புக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்ததும், கீழ்த்தளத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் கல் மேசைகளைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டப்பட்டது. ஊஞ்சலும் சறுக்குமரமும் அதே நாடாவுக்குள் போயின.

உணவங்காடிகளில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. வாழையிலைச் சோறும் பிரியாணியும் பொட்டலமாகத்தான் கிடைத்தன. ஈரச்சந்தைகளில் நெரிசலைக் குறைக்க ஓர் எளிய உத்தி வந்தது: கேலாங் சிராய், ஈசூன் சொங் பாங் உட்பட நெரிசல் மிகுந்த நான்கு சந்தைகளில், ஏப்ரல் 22 முதல், அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றைப்படையானால் ஒற்றைப்படைத் தேதியில் மட்டும் நுழையலாம், இரட்டைப்படையானால் இரட்டைப்படைத் தேதியில். மீன் வாங்கப் போகும் அம்மாக்கள் அட்டையை எடுத்து வாசலில் காட்ட வேண்டியிருந்தது. குறைகள் இருந்தாலும், சந்தை மூடப்படாமல் தப்பியது.

பணமும் உள்ளூர் வழியாகவே வந்தது. சமூக மேம்பாட்டு மன்றங்கள் 2020 ஜூனில் வசதி குறைந்த சுமார் 4 லட்சம் குடும்பங்களுக்கு 50 வெள்ளி பற்றுச்சீட்டுகளை அறிவித்தன. அவற்றைப் பேட்டைக் கடைகளிலும் உணவங்காடிகளிலும் செலவிடலாம் என்பதால், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே நேரத்தில் கைகொடுத்தன. 2021 டிசம்பரில் அது 13 லட்சம் குடும்பங்களுக்கும் 100 வெள்ளியாக விரிந்தது.

லிட்டில் இந்தியாவின் நாள்காட்டியும் மாறியது. முகக்கவசம் கட்டாயமென்ற அறிவிப்பு ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று வந்தது. கோயில்களுக்குள் பக்தர்கள் இல்லை. அவ்வாண்டு தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் விளக்குகள் எரிந்தன, ஆனால் வழக்கமான தீபாவளிச் சந்தை இல்லை. 2021, 2022 தைப்பூசங்களில் பாத ஊர்வலமும் காவடியும் நிறுத்தப்பட்டன. முன்பதிவு செய்தவர்கள் டேங்க் ரோடு கோயிலுக்கு நேரே வந்து, கோயில் தயார் செய்து வைத்திருந்த பால்குடத்தை ஏந்தினார்கள். 2023இல்தான் ஊர்வலம் மீண்டும் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்

வாரத்தில் ஆறு நாளும் தேக்கா உள்ளூர்க்காரர்களுடையது. ஞாயிற்றுக்கிழமை அது வேறு ஊர். துவாஸ், சுங்கை தெங்கா, பொங்கோல், காக்கி புக்கிட் எனத் தீவின் ஓரங்களில் உள்ள விடுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆண்கள் வந்து இறங்குவார்கள். புதுக்கோட்டைக்காரர், ராமநாதபுரத்துக்காரர், சிவகங்கைக்காரர். டாக்கா, குமில்லாப் பக்கத்துக்காரர். வீட்டுக்குப் பணம் அனுப்ப ஒரு வரிசை, முடிவெட்ட ஒரு வரிசை, சிம் அட்டைக்கு ஒரு வரிசை. பிறகு முஸ்தபாவில் ஒரு சுற்று. ஊருக்குப் போகும் நண்பனிடம் கொடுத்துவிட தைலமும் சாக்லேட்டும். கையில் காசும் வேலையும் இல்லாதவர்களுக்கு, வேலையிட விபத்துக்கோ சம்பளப் பாக்கிக்கோ வழக்கு நடத்திக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு, ‘டிடபிள்யூசி2’ என்ற தொண்டு அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் ‘கஃப் ரோடு’ திட்டத்தின்கீழ் இலவச உணவு தருகிறது.

இந்தக் கூட்டத்தை நகரம் நெடுங்காலமாக ஒழுங்குப் பிரச்சினையாகவே பார்த்து வந்தது. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்தப் பார்வை இறுகியது. லிட்டில் இந்தியா மதுக்கட்டுப்பாட்டு வட்டாரமானது, கண்காணிப்புக் கேமராக்கள் கூடின. 2016 ஏப்ரலில் இந்த வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் டெனிஸ் புவா, ஊழியர்கள் திரளும் கூட்டங்களை நடமாடும் வெடிகுண்டுகளுடன் ஒப்பிட்டுப் பேசி, கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். அவர் பேச்சுக்கு அடிப்படையாக இருந்த குடியிருப்பாளர்களின் குறைகள் பொய்யல்ல. தங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இரவு வரை குடித்துவிட்டுக் கிடப்பவர்களை யார்தான் விரும்புவார்கள்? ஆனால் எல்லோரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஞாயிறு இரவு பேருந்து ஏறிப் போகிறவன் எந்த அறைக்குப் போகிறான் என்று பார்க்கவில்லை.

கடைத்தெருவிலிருந்து கட்டுமானத் தளம் வரை

2020 மார்ச் 23 அன்றே டிடபிள்யூசி2, ஓர் அறையில் 12 முதல் 20 பேர் வரை அடைந்து கிடக்கும் விடுதிகளில் தொற்று பரவும் அபாயத்தைச் சுட்டி நாளிதழுக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரல் 2ஆம் தேதி முஸ்தபா சென்டர் தொற்றுக் குழுமமாக அறிவிக்கப்பட்டது. ஏழு நாள் கழித்துச் சுகாதார அமைச்சு, தடமறிதலின் முடிவைச் சொன்னது: முஸ்தபாவுக்குச் சென்று வந்த ஊழியர்கள் வழியாகத் தொற்று மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த ஒரு கட்டுமானத் தளத்துக்கும், அங்கிருந்து உடன் வேலை செய்தவர்கள் வழியாக விடுதிகளுக்கும் போயிருக்கலாம்.

இதில் கடையின் குற்றம் என்று எதுவும் இல்லை. கடைக்கு எல்லோரும்தான் போனார்கள். கடையிலிருந்து வீவக வீட்டுக்குப் போன கிருமி, நான்கைந்து பேரைத் தொட்டுவிட்டு நின்றது. அதே கிருமி விடுதிக்குப் போனபோது, ஒரே கழிப்பறையையும் ஒரே சமையலறையையும் பங்கிட்டுக்கொண்ட நூற்றுக்கணக்கானோரைத் தொட்டது.

ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலின் எஸ்11 விடுதியும் தோ குவான் வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தும் வட்டாரங்களாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. முதலாவதில் 13,000 பேர், இரண்டாவதில் 6,800 பேர். பிறகு ஒவ்வொரு விடுதியாக மூடப்பட்டது. ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று உறுதியானது; பெரும்பாலோர் விடுதிவாசிகள்.

விடுதிகளில் அப்போது 3,23,000 பேர் இருந்தார்கள். அதில் சுமார் 2 லட்சம் பேர் 43 பெரிய விடுதிகளில். அந்தப் பெரிய விடுதிகளுக்கென 2016இல் நடப்புக்கு வந்த தனிச்சட்டம் இருந்தது; 1,000 படுக்கையோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது பொருந்தும். அமலாக்கம் மனிதவள அமைச்சின் கையில். படுக்கைக்கு வாடகை தருபவர் முதலாளி, வாங்குபவர் விடுதி நடத்துநர். பக்கத்துப் பேட்டையின் நகர மன்றத்துக்கும் விடுதிக்கும் சம்பந்தமில்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மின்தூக்கி நின்றுபோனால் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நாளில் போய்ச் சொல்லலாம். விடுதியில் கழிப்பறை அடைத்துக்கொண்டால் யாரிடம் சொல்வது? வேலை அனுமதியைக் கையில் வைத்திருக்கும் முதலாளியிடமா?

உள்ளாட்சி இல்லாத அந்த இடத்தில், சில நாள்களில் ஓர் உள்ளாட்சியை அவசரமாகக் கட்டவேண்டி வந்தது. ராணுவ, காவல்துறை, மனிதவள அமைச்சு அதிகாரிகள் அடங்கிய குழுக்கள் விடுதிகளுக்குள் அனுப்பப்பட்டன. மூன்று வேளைச் சாப்பாடு, குப்பை அகற்றல், இணைய வசதி, மருத்துவ முகாம் என எல்லாவற்றையும் அவர்களே பார்த்தார்கள். பணம் அனுப்ப இனி சிராங்கூன் சாலைக்குப் போக முடியாது என்பதால், விடுதி ஊழியர்களின் சம்பளத்தை மின்னியல் முறையில் வங்கிக் கணக்கில் போடவேண்டும் என்று முதலாளிகளுக்கு உத்தரவிடப்பட்டது. சிகிச்சை இலவசம். 2020 முடியும்போது சிங்கப்பூரில் கொவிட்-19 மரணங்கள் மொத்தம் 29 மட்டுமே. உலகின் பல பணக்கார நகரங்கள் பிணவறையில் இடமின்றித் தவித்த ஆண்டு அது. இந்தச் சாதனையை மறுப்பதற்கில்லை.

ஆனால் 2020 டிசம்பர் 14 அன்று வெளியான இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டும். பிசிஆர் சோதனையில் 54,505 விடுதி ஊழியர்களுக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் மேலும் 98,289 பேருக்குத் தொற்று வந்துபோன தடயம் இருந்தது. சேர்த்தால் விடுதிவாசிகளில் 47 விழுக்காடு. ஏறக்குறைய இருவரில் ஒருவர். ஒரே தீவில், ஒரே நோய்க்கு, இரண்டு கொள்ளைநோய்கள் நடந்து முடிந்திருந்தன.

கோயம்பேடும் தாராவியும்

இது சிங்கப்பூருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அதே மாதங்களில் சென்னையில் கோயம்பேடு நடந்தது. மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கியவர்களும் லாரியில் வந்தவர்களும் தொற்றோடு கடலூர், அரியலூர், விழுப்புரம் என ஊர் திரும்பினார்கள். 2020 மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அப்போது சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. 2016இல் பதவிக்காலம் முடிந்த பிறகு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. சந்தைக்குள் இரவு தங்கிய சுமைப்பணியாளர் எந்த வார்டுக்காரர் என்று கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலம் அது.

மும்பையில் தாராவி வேறு விதமாகப் போனது. ஏப்ரல் முதல் தேதி அங்கே முதல் தொற்று உறுதியானபோது எல்லோரும் பேரழிவை எதிர்பார்த்தார்கள். மும்பை மாநகராட்சியின் ஜி-வடக்கு வார்டு அலுவலகம் உள்ளூர் மருத்துவர்களையும் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காய்ச்சலைத் தேடியது. பொதுக் கழிப்பறைகளை நாளுக்குப் பலமுறை கிருமிநீக்கம் செய்தது. பள்ளிகளையும் மண்டபங்களையும் தனிமைப்படுத்தும் இடங்களாக்கியது. ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். தாராவியின் நெரிசல் சிங்கப்பூர் விடுதிகளுக்குச் சற்றும் குறைந்ததல்ல. வசதியோ பல மடங்கு குறைவு. ஆனால் அங்கே வாழ்பவர்கள் ஒரு வார்டுக்குச் சொந்தக்காரர்கள். அதிகாரி கதவைத் தட்டுமுன்பே அவருக்கு அந்தச் சந்தின் பெயர் தெரிந்திருந்தது.

திரும்பி வந்த ஞாயிறு

2020 ஜூன் 19இல் சிங்கப்பூர்வாசிகள் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். விடுதி ஊழியர்களுக்கு வேலையிடமும் விடுதியும், அப்புறம் பொழுதுபோக்கு நிலையங்களும் மட்டுமே. ஏறக்குறைய ஒன்றேகால் ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில், தடுப்பூசி போட்ட ஊழியர்கள் வாரத்துக்கு 500 பேர் வரை, 6 மணி நேரம், லிட்டில் இந்தியாவுக்கோ கேலாங் சிராய்க்கோ போய் வர முன்னோடித் திட்டம் வந்தது. தேக்காவில் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காலத்தின் நஷ்டம் தெரியும். அவர்களின் வாடகையைக் கட்ட உதவியது இந்த ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்தான்.

2022 ஜூன் 24 முதல் வெளியே செல்ல அனுமதிச் சீட்டு தேவையில்லை என்றானது. அப்போதும் ஞாயிறு, விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்கு மட்டும் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நாளுக்கு 80,000 பேர் என்பது உச்சவரம்பு. கொள்ளைநோய்க்கு முன்பிருந்த அதே பழைய பார்வைதான்: தெருவில் எத்தனை பேர் என்ற கணக்கு.

அறையைப் பற்றிய கணக்கும் இப்போது மாறத் தொடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான தரநிலை அறிவிக்கப்பட்டது: அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், 6 பேருக்கு ஒரு கழிப்பறை. 2023 ஏப்ரல் முதல் 7 படுக்கை உள்ள விடுதிகள்கூடச் சட்டத்துக்குள் வந்தன. அதே ஆண்டு மார்ச்சில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, விடுதி நிலவரத்தை இன்னும் சிறப்பாகக் கையாண்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. பழைய விடுதிகள் 2030க்குள் இடைக்காலத் தரத்தையும், 2040க்குள் முழுத் தரத்தையும் எட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் தொற்றுநோய்களுக்கெனத் தனி அமைப்பு தொடங்கப்பட்டது.

சுவரும் கழிப்பறையும் மாறுகின்றன. மாறாதது ஒன்று: விடுதிவாசி இன்னமும் எந்த நகர மன்றத்தின் ஆளும் அல்ல. அவருக்கு வாக்குரிமை கொடு என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்பது அதைவிடச் சிறியது. ஒவ்வொரு பெரிய விடுதியும் அருகிலுள்ள நகர மன்றத்தோடும் சமூக மன்றத்தோடும் இணைக்கப்படட்டும். விடுதிவாசிகளே தேர்ந்தெடுத்த ஒரு குழு, தமிழிலும் வங்க மொழியிலும் பேசக்கூடிய குழு, மாதம் ஒருமுறை அந்த மன்றத்தோடு உட்காரட்டும். அடுத்த தொற்று வரும்போது முகக்கவசம் பொட்டலம் கட்டுபவர்கள் 13 லட்சம் வீடுகளோடு 3 லட்சம் படுக்கைகளையும் முதல் நாளே எண்ணட்டும்.

ஒரு நகரம் தன்னைக் கட்டியவர்களை எண்ணத் தவறினால், நோய் அவர்களை எண்ணிக் காட்டும். 2020இல் அது எண்ணிக் காட்டியது: 1,52,794 பேர்.